ஸ்கோர் நன்றாக இருக்கிறது, வீட்டுக் கடன் மட்டும் கிடைக்கவில்லை. ஏன்?

12 ஜூலை 2025, வாசகர் கேள்வி

என் கடன் வரலாற்றைப் பார்த்து சிபில் நிறுவனம் கொடுத்த ஸ்கோர் 786. ஒரு தவணைகூடத் தவறியதில்லை. கிரெடிட் கார்டு பில்லைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டிவிடுகிற ஆள் நான். சொந்த வீடு வாங்க முதல்முறையாக விண்ணப்பித்தேன். "எங்கள் கொள்கைப்படி இயலவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 750 இருந்தால் கடன் உறுதி என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? இந்த ஸ்கோரே ஒரு ஏமாற்று வேலை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

12 ஜூலை, இரவு, என் பதில்

மறுக்கவில்லை. ஆனால் ஸ்கோர்மேல் பழி போடுவதில் பயனில்லை. 300 முதல் 900 வரை போகும் அந்த எண்ணில் உங்கள் சம்பளம் கிடையாது. நீங்கள் வாங்கப்போகும் வீடும் கிடையாது. இதுவரை கடனை எப்படிக் கையாண்டீர்கள் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. வங்கி பார்ப்பது மூன்று: ஆள், வருமானம், சொத்து. ஸ்கோர் பேசுவது ஆளைப் பற்றி மட்டும்.

எங்களுக்கும் இதே கதைதான். எனக்கும் கணவருக்கும் ஸ்கோர் பிரமாதம். கடன் அனுமதிக் கடிதமான சாங்ஷன் லெட்டரே கைக்கு வந்துவிட்டது. மாமியார் தெருவுக்கே கேசரி கொடுத்தார். அப்புறம்தான் மறுத்தார்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் மறுத்தார்கள்? ஃபைல் லாகின் ஆனதுமேவா, அதாவது விண்ணப்பம் பதிவானதுமேவா, இல்லை லீகல் (பத்திரச் சோதனை), டெக்னிக்கல் (கட்டடச் சோதனை) எல்லாம் போன பிறகா? இரண்டும் இரண்டு விதமான வியாதி.

13 ஜூலை

எங்கள் கதையைக் கேட்டிருந்தீர்கள். திருநின்றவூர் பக்கம் ஒரு தனி வீடு. 2004இல் கட்டியது. பட்டா உண்டு, வில்லங்கச் சான்றிதழ் சுத்தம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் உரிமையாளர் பெயரில். பத்திரங்களைச் சரிபார்க்க வங்கி வைத்திருக்கும் பேனல் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மனைப்பிரிவு அப்ரூவல் எங்கே?"

தொண்ணூறுகளில் போட்ட லேஅவுட் அது. பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். சென்னைப் புறநகரில் அந்தக் காலத்து மனைகள் பலவற்றுக்கு இதுதான் கதை. கட்டடம் கட்ட அனுமதி கொடுப்பது வேறு, மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுப்பது வேறு. இரண்டாவது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வேலை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோதுதான் பல பேருக்கு இந்த வித்தியாசமே தெரிந்தது. பிறகு 2017இல் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 20 அக்டோபர் 2016க்கு முன் விற்ற மனைகளுக்கு அதில் வழி இருந்தது, கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

நாங்கள் பார்த்த வீட்டின் உரிமையாளர் அதைச் செய்யவில்லை. "இருபது வருஷமா குடியிருக்கேன். என் பொண்ணு கல்யாணத்தையே இங்கதான் நடத்தினேன். இப்ப வந்து அப்ரூவல் கேக்கறீங்களே" என்றார். அவருக்கு விற்கிற அவசரமும் இல்லை. வக்கீல் சொன்னதும் நியாயம், இவர் சொன்னதும் நியாயம். நடுவில் எங்கள் புராசஸிங் ஃபீஸ் போனது.

13 ஜூலை, மறுபடியும்

80 சதவீதம் வங்கி கொடுக்கும்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ரிசர்வ் வங்கி வைத்திருப்பது உச்சவரம்பு: கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75.

பத்திரச் செலவு இந்த மதிப்பில் சேராது. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு மட்டும் விலக்கு. அந்த விலையில் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பழைய வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். 60 லட்சம் வீட்டுக்கு வங்கி 48 கொடுத்தாலும் கையில் 12 லட்சம், பத்திரத்துக்கு 5.4 லட்சம், தரகர், வக்கீல் என்று எடுத்துவைக்க வேண்டும். "கையில் பத்து இருக்கிறது, போதும்" என்று இறங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

16 ஜூலை

வருமானக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொன்னீர்கள்.

கைக்கு வரும் சம்பளம் 72,000 என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் தவணையும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பல வங்கிகளின் வழக்கம். சம்பளம் அதிகமென்றால் கொஞ்சம் தளர்த்துவார்கள். ஆக 36,000. 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்குத் தவணை சுமார் 836 ரூபாய். 36,000க்கு 43 லட்சம் வரை வரும்.

இப்போது கார் தவணை 7,500, வட்டியில்லாத் தவணையில் வாங்கிய போனுக்கு 3,500 என்று வையுங்கள். மிச்சம் 25,000. கடன் சுமார் 30 லட்சத்துக்கு இறங்கிவிடும். மாதம் 11,000 தவணை 13 லட்சத்தைச் சாப்பிட்டுவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கார் கடனை ஒழுங்காகக் கட்டியதால்தான் ஸ்கோர் ஏறியது!

வயது இன்னொன்று. சம்பளக்காரருக்குப் பொதுவாக 60 வயதுக்குள் கடன் முடிய வேண்டும் என்பார்கள். 48இல் விண்ணப்பித்தால் 12 வருடம்தான். லட்சத்துக்கு 1,082 ஆகிவிடும். அதே 25,000க்கு 23 லட்சம்தான் வரும்.

ஓவர்டைம், இன்சென்டிவ், வாடகை வருமானம் இதையெல்லாம் முழுசாக எடுக்க மாட்டார்கள். என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்சென்டிவ். அதில் பாதியை மட்டும் கணக்கில் வைத்தார்கள். அந்தக் காசுக்கு நான் முழு வரி கட்டுகிறேன் என்று வாதாடிப் பார்த்தேன். எதிரில் இருந்த பையன் சிரித்தான், அவ்வளவுதான்.

20 ஜூலை

கேள்வி கேட்ட நண்பர் பதில் போட்டுவிட்டார். லாகின் ஆன மூன்றாம் நாளே மறுப்பு. வேலை பெரிய கம்பெனியில், ஆனால் சம்பளம் வேறொரு ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் பேரோலில் வருகிறது. ஒப்பந்தம் வருடாவருடம் புதுப்பிப்பு.

அப்படியானால் விஷயம் அங்கேதான் என்பது என் ஊகம். நீங்கள் எட்டு வருடமாக அதே இருக்கையில் உட்கார்ந்திருக்கலாம். வங்கிக்கு நீங்கள் பதினொரு மாதத்தில் வேலை போகக்கூடிய ஆள். வங்கிகள் கம்பெனிகளுக்குத் தரவரிசைப் பட்டியல் வைத்திருக்கும். உங்கள் அடையாள அட்டையில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரை அதில் தேடுவார்கள். உங்கள் ஸ்கோர் 786 இல்லை, 900 இருந்தாலும் அந்தப் பட்டியல் மாறாது. வேறு வங்கியின் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கலாம். லாகின் பண்ணுவதற்கு முன்பே வாயைத் திறந்து கேளுங்கள்.

ஆனால் ஒரே நேரத்தில் ஆறு வங்கியில் போடாதீர்கள். சில ஏஜென்ட்டுகள் நம் ஆவணங்களை வாங்கி எல்லா இடத்திலும் லாகின் பண்ணிவிடுவார்கள். ஒவ்வொன்றும் நம் கடன் அறிக்கையில் ஒரு என்கொயரி, அதாவது கடன் கேட்டதற்கான பதிவு. ஏழாவது வங்கிக்காரர் "ஆறு பேர் வேண்டாம் என்ற ஆளா?" என்றுதான் பார்ப்பார்.

20 ஜூலை, இரவு

வக்கீல்களுக்கு வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டமாமே என்று ஒரு கேள்வி. போலீஸ், வக்கீல், பத்திரிகைக்காரர், அரசியல்வாதி என்றால் வங்கிகள் தயங்கும் என்பது ஊரறிந்த சங்கதி. எழுத்தில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வசூலுக்குப் போனால் சட்டம் பேசுவார்கள் என்ற பயம். இதில் எனக்குப் பிடித்த பகுதி, எங்கள் பத்திரத்தைத் தோண்டிப் பார்த்து வேண்டாம் என்று எழுதினாரே பேனல் வக்கீல், அவரே போய் அதே வங்கியில் கடன் கேட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

3 ஆகஸ்ட்

சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இழையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். "எல்லாம் சரி, ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாங்களான்னு யாரையும் நீ கேக்கலையே" என்றார்.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையைப் பார்க்காதவர்கள்தான் அதிகம் என்கிறார். மச்சான் டிராக்டர் வாங்க நாம் போட்ட ஜாமீன் கையெழுத்து அதில் இருக்கும். அவர் ஒழுங்காகக் கட்டிவந்தால் நம் ஸ்கோர் குறையாது, ஆனால் அந்தக் கடன் நம் தலையிலும் இருப்பதாக வங்கி கணக்குப் போடலாம். அதேபோல், கல்லூரி முடித்தபோது கார்டு கம்பெனியோடு பேசி 40,000 பாக்கியை 22,000க்கு முடித்தவர்கள் உண்டு. அது "செட்டில்டு" என்று நிற்கும், "குளோஸ்டு" என்று நிற்காது. பல வருடம் கழித்து ஸ்கோர் ஏறி 770 ஆகியிருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

சிபில் மட்டும் இல்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், 2017 முதல் விதி. நான்கிலும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். தவறு இருந்தால் புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, 2024 ஏப்ரலில் இருந்து.

சித்தப்பா போகும்போது ஒன்று சொன்னார்: "நாங்க மறுத்த ஃபைல்ல பாதி, ஆள் நல்ல ஆள்னு தெரிஞ்சேதான் மறுத்தோம்." அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

26 ஆகஸ்ட்

முதல்முறை கடன் வாங்குகிறவர்களுக்கு ஸ்கோரே தேவையில்லை என்று அரசு சொல்லிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஓடுகிறது, உண்மையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நாடாளுமன்றத்தில் நிதித் துறை இணையமைச்சர் சொன்னது வேறு. குறைந்தபட்ச ஸ்கோர் இவ்வளவு என்று ரிசர்வ் வங்கி எதையும் விதிக்கவில்லை. கடன் வரலாறே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பிப்பவரை மறுக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. மற்றச் சோதனைகளை வங்கி செய்யத்தான் செய்யும். கார்டே வாங்காமல் சுத்தமாக வாழ்ந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. 786 வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் இல்லை. 750 என்பதும் வங்கிகள் தாங்களே வைத்துக்கொண்ட கோடு.

14 செப்டம்பர்

ஜூலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பேனல் வக்கீல் சொன்னது நியாயம் என்று கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டது போல இருக்கிறது. அதே தெருவில், அதே லேஅவுட்டில் நான்கு வீடு தள்ளி ஒருவர் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் கடன் வாங்கிக் குடி வந்திருக்கிறார். வட்டி இரண்டு சதவீதத்துக்கு மேல் கூட. பத்திரம் அவருக்கும் அதேதான். ஆக "இந்தச் சொத்தில் கோளாறு" என்று சொல்வதைவிட "இந்த விலைக்கு இந்தக் கோளாறை எங்களால் சுமக்க முடியாது" என்பதுதான் சரி.

வங்கி கடன் கொடுத்தால் பத்திரம் பத்திரமானது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வங்கி பார்ப்பது தன் 80 சதவீதம் திரும்ப வருமா என்று. நம்முடைய 20 சதவீதத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பில்டரோடு ஏற்கெனவே ஏற்பாடு செய்துகொண்ட அடுக்ககம் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அவ்வளவு தோண்டவும் மாட்டார்கள். நம் காசுக்கு நாமே ஒரு வக்கீலை வைத்துப் பார்ப்பதுதான் சரி. அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு.

கிரய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: சொத்துக் குறை காரணமாக வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுதும் திரும்ப. விற்பவர் முகம் சுளிப்பார், தரகர் அதைவிடச் சுளிப்பார். நாங்கள் சேர்த்திருந்தோம், அதனால் மூன்று லட்சம் தப்பியது. என் கணவருக்கு அந்த யோசனை அவருடைய அலுவலக நண்பர் சொன்னது. நான் அந்த நண்பருக்கு இன்னும் பிரியாணி வாங்கிக் கொடுக்கவில்லை.

5 அக்டோபர்

ஊரப்பாக்கத்தில் வீடு பார்க்கும் தம்பதிக்கு. விலை 60, பத்திரத்தில் 42 காட்டலாம், மிச்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார் விற்பவர். உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம் என்கிறார். சரி, கணக்குப் போடுங்கள். வங்கி 42இல் 80 சதவீதம்தான் பார்க்கும், 33.6 லட்சம். மிச்சம் 26.4 லட்சம் கையில் இருந்து வர வேண்டும், அதில் 18 ரொக்கம். பத்திரத்தில் மிச்சமாவது 1.62 லட்சம்.

இதில் கடன் மறுக்கப்பட்டதாகப் பலர் புலம்புவது உண்மையில் மறுப்பே இல்லை, கேட்டதைவிடக் குறைவாகக் கொடுத்தது. இன்னொன்று, சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. ரொக்கத்தை வாங்கிய விற்பனையாளருக்கு அதே அளவு அபராதம். விற்பவரிடம் இதைச் சொன்னால் அவர் சிரிக்கக்கூடும். பரவாயில்லை, சொல்லுங்கள்.

சீட்டு எடுத்து அந்தப் பணத்தை ஒரே நாளில் கணக்கில் போடுவதும் கேள்வி கிளப்பும். சீட்டு ரசீதை வைத்திருங்கள்.

9 நவம்பர்

மறுப்புக்குக் காரணம் கேட்கலாமா? கேட்கலாம், கேட்க வேண்டும். எந்தக் கடனாக இருந்தாலும் மறுத்ததற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2007இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. "கொள்கைப்படி இயலவில்லை" என்பது காரணமா என்று கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். நாங்கள் கேட்ட பிறகுதான் "மனைப்பிரிவு ஒப்புதல் இல்லை" என்று எழுத்தில் வந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் முன்பணத்தைத் திரும்ப வாங்கினோம்.

30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அதிகாரியான ஒம்புட்ஸ்மேனுக்கு இணையத்தில் புகார், செலவில்லை. ஆனால் கடன் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவு போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் அவர் தலையிட மாட்டார். பதில் சொல்லாமல் இழுத்தடித்ததைக் கேட்பார்.

புராசஸிங் ஃபீஸ் பற்றியும் அப்படித்தான். கடன் கிடைக்காவிட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே சொல்ல வேண்டும். எங்கள் படிவத்தில் இருந்தது, பொடி எழுத்தில்: ஒன்றும் வராது.

10 நவம்பர்

பட்டாபிராம் நண்பருக்கு மட்டும். வீட்டை விற்பவர்களின் அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மூன்று அண்ணன் தம்பிகளும் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள், இரண்டு அக்காக்களுக்கும் அப்போதே கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டது, இதற்குப்போய் வங்கி லீகலில் நிறுத்துகிறதே என்கிறீர்கள். நிறுத்தத்தான் வேண்டும். அது அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. 1989, 2005 என்று நாம் பேசுகிற திருத்தங்கள் பூர்வீகச் சொத்துக்கு. சீர் செய்தது சட்டத்தில் கணக்கில்லை. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.

வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள எல்லோரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அக்காக்களிடம் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்கிவரச் சொல்லுங்கள். ஒரு அக்கா துபாயில் இருக்கிறார் என்றீர்கள். அவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். அது வந்து இங்கே முத்திரையிட்டுச் சேர வாரக்கணக்கில் ஆகும், அதனால் ஒப்பந்தக் காலத்தை மூன்று மாதத்திலிருந்து ஆறாக நீட்டி எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை அட்வான்ஸ் ஒரு லட்சத்துக்கு மேல் போக வேண்டாம்.